காயவைக்கும் வீடு

அப்பளம் காயவேண்டிய வாரத்தில் நிவித்திகலப் பக்கம் சூரியன் தலைகாட்டவே இல்லை. விடிந்தால் மூடுபனி, பனி விலகினால் தூறல், தூறல் வலுத்தால் மழை. மெரினா றப்பர்த் தோட்டத்து லயவீட்டு வாசலில் பாயை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தாள். அப்பளங்கள் ஓரத்தில் பச்சை பூத்து, தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தன.

"இன்னைக்கும் வெயில் இல்லைங்க," என்றாள் புருஷனிடம்.

எட்வின் தன் திரீவீலரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வானத்தைப் பார்க்கவே இல்லை. "இந்தப் பக்கத்துல வெயில நம்பித் தொழில் தொடங்குன ஒரே ஆளு நீதான்," என்றான்.

அவள் எதைத்தான் நம்பித் தொடங்கவில்லை! பள்ளிக்கூடம் முடிந்ததும் கட்டுநாயக்க கார்மென்ட் ஃபேக்டரிக்குப் போய், அங்கிருந்து ஜோர்தானுக்குப் போய், கண்ட கண்ட தேசத்துக்காரரின் காற்சட்டைகளுக்கெல்லாம் பை தைத்தவள் அவள். மெஷின் முன்னால் குனிந்திருக்கும்போதே கண்ணுக்குள் ஒரு கடை எழும்பும். திரைச்சீலை என்ன நிறம், கதவைத் திறந்தால் மணி எப்படிச் சிணுங்கும், முதல் ஆளாக யார் நுழைவார்கள் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். அங்கே என்ன விற்கிறது என்பது மட்டும் மங்கலாகவே இருக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் பஸ் நிற்கும் இடத்தருகே ஃபோன் கடை போட்டாள். கொஞ்ச நாளில் ஆளாளுக்குத் தங்கள் ஃபோனிலேயே ரீலோட் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்கள். அடுத்தது பியூட்டி பாலர். கல்யாணப் பெண்ணொருத்திக்குப் புருவம் எடுக்கும்போது ஜன்னலுக்கு வெளியே மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். பெண் ஒரு புருவம் மெலிந்துபோய்க் கோயிலுக்குப் போனாள். காளான் வளர்த்தபோது அது சொல்பேச்சுக் கேட்டு நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் ஒரே நேரத்தில் அவ்வளவும் பூத்துவிட, வாங்க ஆளில்லாமல் லயம் முழுக்கக் காளான் குழம்பு மணந்தது. அதற்குப் பிறகுதான் இந்த அப்பளம்.

எட்வின் ஒருநாளும் அவளைத் திட்டியதில்லை. அன்றும் துணியைப் பிழிந்து போட்டுவிட்டுச் சொன்னான்: "கீழ் டிவிஷன்ல அந்தப் பழைய புகைவீடு சும்மாதானே கிடக்கு. கேட்டுப் பாக்கலாமே."

றப்பர் பாலை ஷீட்டாக அடித்து, கம்பிகளில் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்திய வீடு அது. இப்போது தோட்டத்தில் பாலை அப்படியே பவுசர் லொறியில் ஏற்றி அனுப்பிவிடுவதால் கதவு சாத்திக் கிடந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை சின்ன வயதுக்காரர். "வௌவால் குடியிருக்கு, அதுங்க வாடகை தர்றதில்ல. நீங்க தருவீங்கன்னா எடுத்துக்கங்க," என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

எட்வின் ஒரு தார் பீப்பாயை வெட்டி அடுப்பாக்கினான். தகரக் குழாய் ஒன்றைப் பொருத்தி, புகை கூரைக்கு மேலே போகவும் சூடு உள்ளேயே தங்கவும் வழி செய்தான். பட்டுப்போன றப்பர் மர விறகுக்குப் பஞ்சமில்லை. அப்பளங்கள் மொறுமொறுவென்று காய்ந்தன. ஆனால் சுவரில் ஊறிக்கிடந்த பழைய புகை வாசம் அத்தனையும் அவற்றில் ஏறிவிட்டது. ஒரு கடைக்காரர் பொரித்து வாயில் போட்டுப் பார்த்து, "இது அப்பளமா டயரா?" என்று கேட்டார்.

அந்தப் பிற்பகல் மெரினா புகைவீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே தகரத்தில் மழை கொட்டியது. உள்ளே இளஞ்சூடு, மெல்லிய இருட்டு. ஈரமாயிருந்த அவள் தலைமுடி தானாக உலர்ந்து கழுத்தில் லேசாயிற்று. பாவாடை ஓரம், செருப்பின் வார், உள்ளங்கால் என்று ஒவ்வொன்றாக ஈரம் கழன்றது. உலகமே நீருக்கடியில் இருக்க, தான் மட்டும் ஒரு குமிழுக்குள் மிதப்பதுபோல் அவளுக்கு இருந்தது. கண் செருகியது.

கதவைத் தட்டி எழுப்பியது லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் லூர்தம்மா. கையில் ஒரு வாளி நிறையத் துணி.

"மெரினா, நாளைக்குப் புள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு. யூனிஃபாம் மூணு நாளா ஈரம். செத்த இங்கின தொங்கவுடேன்."

"புகை வாசம் வருமேக்கா."

"வாசம் கெடக்குது, காஞ்சாப் போதும்."

ஒரு வாளி நாலு வாளியாயிற்று. மெரினா சுவரைச் சுரண்டி இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தாள், வாசம் அடங்கியது. அப்பளத்தை விட்டுவிட்டாள். மேல் லயத்திலிருந்து துணிகள் வந்தன, ரோட்டுக்கு அந்தப்பக்கச் சிங்கள வீடுகளிலிருந்து போர்வைகள் வந்தன. "அவ்வ நேனே நங்கி," வெயில்தான் இல்லையே தங்கச்சி என்று சொல்லி, மூட்டையை இறக்கி, கூலியைக் கையில் வைத்துவிட்டுப் போவார்கள். வெள்ளைச் சட்டைகளும் பூப்போட்ட சீத்தைத் துணிகளும் கம்பிகளில் அடுக்கடுக்காகத் தொங்கி, சூட்டில் மெல்ல அசைந்து, நீராவியை மூச்சுவிடும். மெரினா அவற்றினூடே நடந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் திருப்பிவிடுவாள்.

ஒருநாள் டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் அப்துல் ரஸாக் முதலாளி தன் வேனோடு ஏறி வந்தார்.

"புள்ள, ஒங்கட வீட்டுல எடம் ஈக்கா? என்ட கராம்பெல்லாம் பூஞ்சணம் புடிச்சுப் போகுது."

"துணிக்குத்தானே மொதலாளி வச்சிருக்கேன்."

"காயிற சாமானுக்குத் துணியென்ன, கராம்பென்ன?"

அன்றிலிருந்து ஒரு பாதியில் துணி, மறுபாதியில் கராம்பு. எட்வின் நைலான் வலையில் தட்டுகள் அடித்துக் கொடுத்தான். கராம்பின் காரமான மணம் பள்ளிக்கூடச் சட்டைகளில் ஏறியது, யாரும் குறைசொல்லவில்லை.

ஆனால் மெரினாவின் கண்ணுக்குள் வேறொரு கடை எழும்பிக்கொண்டிருந்தது. கறுவாப்பட்டை போட்ட குளியல் சவர்க்காரம். சிங்கராஜா காட்டைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் வாங்குவார்கள். இளம்பச்சைத் திரைச்சீலை.

சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். எட்வின் பிசைந்த கையை நிறுத்தினான்.

"அப்ப இது?"

"இது ஒரு பிஸ்னஸாங்க? ஈரத்தோட வர்றாங்க, காஞ்சதோட போறாங்க. நாம என்னத்தச் செஞ்சோம்? கையில காட்ட ஒண்ணு இருக்கா?"

எட்வின் மறுபடி சோற்றைப் பிசைந்தான். "சவுக்காரத்துக்கு அச்சு எங்க கிடைக்கும்னு கேட்டுப் பாக்குறேன்," என்றான்.

அச்சு வருவதற்குள் வெள்ளம் வந்தது. களு கங்கை பெருகி இரத்தினபுரி டவுனுக்குள் ஏறியது. தண்ணீர் வடிந்த பிறகு முதலாளியின் வேன் மறுபடியும் மேலே வந்தது. இந்தத் தடவை இறங்கியது அவருடைய மகள் நுஹா; டவுனில் ஆற்றோரப் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியை. வேனுக்குள் மூட்டை மூட்டையாகப் புத்தகங்கள், சேறும் ஈரமுமாக.

"லைப்ரரிப் புத்தகம் அக்கா. வீசிடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல்ல," என்றாள் நுஹா. "வாப்பாதான் சொன்னாங்க, ஒங்கட்டக் கேட்டுப் பாக்கச் சொல்லி."

"நான் புத்தகம் காயவச்சதே இல்லையே, டீச்சர்."

"நானும் காயவச்சதில்ல."

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

முதல் நாள் சூடு கூடிப்போய்ப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நிலப்படப் புத்தகம் ஒன்று செங்கல் மாதிரி ஆயிற்று. கண்டங்களெல்லாம் சேர்ந்து ஒரே கட்டி. மெரினா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பீப்பாயிலிருந்து பாதி விறகை இழுத்துப் போட்டாள். பலகை ஜன்னல் இரண்டைத் திறந்து காற்றை விட்டாள். ஒவ்வொரு புத்தகமாக நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, நடுவில் விரித்து, கம்பியில் கவிழ்த்துத் தொங்கவிட்டாள். ஒட்டப்பார்க்கும் பக்கங்களுக்கிடையே பழைய பத்திரிகைத் தாளைச் செருகினாள். நுஹா கிடைத்த பஸ்ஸில் வந்து கூடமாட நின்றாள்.

வீடு நிறையப் புத்தகங்கள் சிறகு விரித்துத் தொங்கின. நனைந்த காகிதம் உலர உலர, தும்பி பறப்பதுபோல் ஒரு சத்தம் எழும்பியது. வெளுத்த படங்களில் ஒட்டகங்களும் கப்பல்களும் நரிகளும் மங்கிய வெளிச்சத்தில் அசைந்தன. மெரினா ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குப் போய், பக்கங்களை ஊதி ஊதிப் பிரித்தாள். விரல் நுனியிலேயே எது இன்னும் ஈரம், எது போதும் என்று தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி, றப்பர் மரங்களை விழுங்கி, மறுபடி கக்கிவிட்டுப் போனதை அவள் பார்க்கவேயில்லை.

"அக்கா, சாப்பிடல்லயா?" என்று நுஹா கேட்டபோதுதான் பொழுது சாய்ந்திருப்பதை உணர்ந்தாள். சவர்க்காரக் கடையின் நினைவே பல நாளாக வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அதைத் தேடிப்பார்த்தாள். திரைச்சீலையின் நிறம்கூடச் சரியாக ஞாபகம் வரவில்லை.

எல்லாப் புத்தகமும் பிழைக்கவில்லை. பிழைத்தவையும் அலையலையாகச் சுருங்கி, முன்னிருந்ததைவிட இருமடங்கு தடித்துப்போயின. ஆனால் வாசிக்கலாம். நுஹா ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தாள்.

"கராம்பு மணக்குது," என்றாள். "புள்ளைகள் இதைச் சாப்பிட்டுருவாங்க!"

வேனில் ஏற்ற வந்த அப்துல் ரஸாக் வாசலில் நின்று உள்ளே எட்டிப்பார்த்தார். "புள்ள, டவுனுக்குக் கிட்ட இப்படி இன்னொண்டு போடுவமா? எடம் என்ட, வேலை ஒங்கட. இந்த நாட்டுல மழைக்கா பஞ்சம்?"

"அங்க வேணாம் மொதலாளி. ஆறு வரும்," என்றாள் மெரினா. "மேல் டிவிஷன்லயும் ஒரு புகைவீடு இருக்கு. நாளைக்குத் தொரையப் பாக்கப் போறேன். நீங்க சாமான அங்க அனுப்புங்க."

எட்வின் அவளைத் திரும்பிப் பார்த்தான். "சவுக்கார அச்சு வந்திருக்கு," என்றான் மெதுவாக. "கடைக்காரன் எடுத்துட்டுப் போகச் சொல்றான்."

"வேணாம்னு சொல்லிருங்க. கொறுக்காப்புளி சீசன் வருது, அதையும் காயவைக்கத் தட்டு பத்தாது. வலைதான் வேணும்." சற்று யோசித்துவிட்டு, "துணிப் பக்கத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பலகையும் அடிக்கணும். கொறுக்காப் புளிப்பு சட்டையில ஏறுனா லூர்தம்மாக்கா என்னையக் கொன்னுரும்," என்றாள்.

வேன் இறங்கிப் போயிற்று. அவள் பீப்பாய்க்குள் இரண்டு கட்டை விறகைத் தள்ளினாள். தகரத்தில் மழை மறுபடியும் விழ ஆரம்பித்தது, முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு ஒரே இரைச்சலாக. கீழே வளைவில், ஒரே குடைக்குள் இரண்டு பெண்கள் தலையில் மூட்டையோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். மெரினா கதவை அகலத் திறந்து வைத்தாள்.