வாங்க மறுத்த கடிதம்

சைக்கிள் திடலை மூடிவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டப்போவதாக நகராட்சி சொன்ன நாளிலிருந்து தையல்காரிக்குத் தூக்கம் போயிற்று. மற்றவர்களுக்கு அது பொழுதுபோகும் இடம். அவளுக்கோ மகளின் உயிர். போன வருஷம் நெடுஞ்சாலையில் சைக்கிள் போட்டிக்குப் பயிற்சி செய்த பெண்ணை ஒரு லாரி உரசித் தள்ளி, தோள் எலும்பு முறிந்தது. "ஓட்டினா திடல்ல ஓட்டு, இல்லன்னா சைக்கிளைத் தொடாதே" என்று அன்றே சொல்லிவிட்டாள். தொடாமல் இருக்கிற பெண்ணா அது?

திடல் வாசலுக்கு எதிரே தையல்கடை என்பதால், போராட்டக் குழுவின் விலாசமும் அதுவே ஆயிற்று. தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார், அதனால் ஊரே அவரை மைக் மாமா என்றது. நல்ல மனுஷன்தான். நல்லவர்கள் செய்கிற கெடுதலுக்குத்தான் மருந்தே கிடையாது. முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போட்டார்: நகராட்சிக் கடிதம் எது வந்தாலும் வாங்கக் கூடாது, வாங்கினால் அவர்கள் முடிவை ஒப்புக்கொண்ட மாதிரி. எல்லோரும் கை தட்டினார்கள். தையல்காரி கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

பதிவுத் தபால் மூன்று முறை வந்தது. மூன்றாம் முறை தபால்காரர் கெஞ்சாத குறை.

"வாங்கித்தான் பாருங்களேன் அக்கா. படிச்சா கையா சுட்டுடும்?"

"வாங்க மாட்டோம்னா மாட்டோம்தான். மறுத்துட்டாங்கன்னு எழுதிட்டுப் போங்க."

உள்ளே பித்தான் தைத்துக்கொண்டிருந்த மகள், "என்னன்னாவது பார்த்திருக்கலாம்மா" என்றாள்.

"பெரியவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்."

அடுத்த திங்கட்கிழமை போராட்டம் தொடங்கியது. முதல் நாளே யாரோ வந்து ஓடுதளத்தின் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றைப் பதித்து, பக்கத்தில் ஒரு பெட்டியைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். "நம்மளை வேவு பார்க்கிறாங்க, பார்க்கட்டும்" என்றார் மைக் மாமா. ஐந்து நாளும் காலை ஆறு மணியிலிருந்து இருட்டும் வரை, ஓடுதளம் முழுக்கப் பாய் விரித்து நானூறு பேர் உட்கார்ந்தார்கள். யாரும் ஓட்டக் கூடாது, உட்கார வேண்டும் என்பது குழுவின் உத்தரவு. சைக்கிளில் வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலை தையல்காரிக்கு. அவள் குரல் அப்படி.

புதன்கிழமை விடியற்காலை, கூட்டம் சேருமுன், மகள் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். தையல்காரி ஓடிப்போய்க் கைப்பிடியைப் பற்றி நிறுத்தினாள்.

"உனக்காகத்தானேடி ஊரே உட்கார்ந்திருக்கு. வெக்கமா இல்ல?"

"போட்டிக்குப் பத்து நாள்தாம்மா இருக்கு."

"இறங்கு."

பாய்களோடு வந்தவர்கள் பார்க்கப் பார்க்கப் பெண் இறங்கினாள். மைக் மாமா அன்று மைக்கில் தையல்காரியின் தியாகத்தைப் புகழ்ந்தார். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

சனிக்கிழமை நகராட்சிப் பொறியாளர் வந்து பெட்டியைத் திறந்தார். கோபமே இல்லாமல் பேசினார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இதைத்தான் சார் மூணு தடவை எழுதினோம். திங்கள்லேருந்து அஞ்சு நாள் இந்தக் குழாய் மேல ஏறிப் போற சைக்கிளை எண்ணும், தினம் இருநூறு சுத்து வந்தா திடலைத் தொட மாட்டோம்னு."

சாதாரண நாளில் காலை வேளை மட்டுமே முந்நூறு தாண்டும். அது தையல்காரிக்குத் தெரியும், மைக் மாமாவுக்கும் தெரியும்.

"எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டாள்.

"நாலு நாள் சைபர்மா. புதன்கிழமை மட்டும் முப்பத்தெட்டு. ஆறு மணியோட அதுவும் நின்னுபோச்சு."

தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது நானூறு பேர். மைக் மாமா "சூழ்ச்சி, சூழ்ச்சி" என்று முணுமுணுத்துவிட்டு, கண்டனத் தீர்மானம் எழுதப் பேனா தேடினார். தையல்காரி அவரைத் திட்டலாம்தான். கடிதத்தைத் திருப்பியது அவர் கையா?

போட்டிக்கு இருந்த பத்து நாள் ஆறாகச் சுருங்கியபோது திடலைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். மறுநாள் விடியலில் மகள் தலைக்கவசம் மாட்டி, சைக்கிளை வாசலுக்கு உருட்டி வந்தாள். தையல்காரி குறுக்கே நின்றாள்.

"எங்கே?"

"ரோட்டுக்கு."

"வேணாம்டி. லாரி போற ரோடு."

"நீங்கள்லாம் உட்கார்ந்தாச்சு. நான் ஓட்டணும்மா."

எந்த முகத்தோடு இன்னொரு தரம் "இறங்கு" என்று சொல்வது? தையல்காரி நகர்ந்து வழிவிட்டாள்.