கைக்குட்டை போட்ட இடம்

தையல்காரிக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அன்றைக்கு அது வீட்டிலிருந்தே கூட வந்திருந்தது. பின்னே? எல்லை ஊர்க் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது என்று கிளம்பிய புருஷன் போன மழைக்காலத்திலிருந்து வீடு திரும்பவில்லை. கிடங்கில் கேட்டால், அப்படி ஒரு ஆள் வரவே இல்லை என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரியோ, "உங்க வீட்டுக்காரரை எல்லை ஊர் லோக்கல் ரயில்ல பார்த்தேன். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கலக்கா" என்று கொளுத்திப் போட்டுவிட்டாள். ஆளைக் காதைப் பிடித்து இழுத்து வராமல் விடுவதில்லை என்று புறப்பட்டாள்.

அந்த ரயில் பெட்டியில் எள் போட இடமில்லை. ஜன்னலோரம் மட்டும் ஒரு இருக்கை காலி. அதில் ஒரு கைக்குட்டை.

"அங்க உக்காராதீங்கம்மா, ஆள் வருது" என்றார் எதிரே சாவிக்கொத்தோடு இருந்த பூட்டுக்காரர்.

"வந்தா எந்திரிச்சுக்கறேன், போங்க!" அந்தக் கைக்குட்டையாலேயே தூசியைத் தட்டிவிட்டு, அதைச் சுருட்டிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டியே அவளைப் பார்த்தது.

ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூட்டம் கரைந்தது. இடம் கேட்டு யாரும் வரவில்லை.

"எங்கய்யா உங்க மகாராஜா?"

"குகைக்குள்ள ஏறுவாரும்மா" என்றார் பூட்டுக்காரர், தரையைப் பார்த்தபடி.

"குகைக்குள்ள ஏது ஸ்டேஷன்?"

"ஸ்டேஷன் இல்ல. போன மழையில ஒரு புது ஆளு வந்தாரு. யாரோ ஒரு அம்மா நிக்கறாங்கன்னு எந்திரிச்சு இடம் குடுத்துட்டு, படியில போய் நின்னாரு. குகை வாசல்ல வழுக்கிருச்சு. கீழ ஆத்துல வெள்ளம், உடம்பே கிடைக்கல. படியில அந்தக் கைக்குட்டைதான் கிடந்துச்சு. அதைப் போட்டு இடம் வச்சிருக்கோம். இடம் இருக்கற வரைக்கும்தான் வருவாரு."

பஸ்ஸில் எந்தப் பொம்பளை நின்றாலும் எழுந்துவிடுகிற மனுஷன் ஒருத்தனோடுதானே அவள் குடித்தனம் செய்தாள்! அதற்காக எத்தனை திட்டு திட்டியிருப்பாள். கைக்குட்டையைத் தேடிக் கை கூடைக்குள் போனது. அதற்குள் குகை வந்து இருட்டு கவிந்தது.

ஈர மண் வாசனை. பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். ஜில்லென்றிருந்தது.

"பரவாயில்லம்மா, நீங்க உக்காருங்க."

அதே குரல். அதே பணிவு.

"யோவ், நான்தான்யா!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள். கையை நீட்டித் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை.

வெளிச்சம் வந்தபோது நடைபாதையில் ஈரக் கால்தடங்கள், அவளிடமிருந்து கதவுவரைக்கும். கைக்குட்டையை விரித்துப் பார்த்தாள். மூலையில் பச்சை நூலில் அவள் போட்ட இரட்டைத் தையல். ஊரார் துணியில் ஒரு பிசிறு விடாதவள், கோபத்தில் இதைப் பார்க்கவில்லை. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லை ஊரில் அவள் இறங்கவில்லை. திரும்புகிற ரயில் அதேதான். கைக்குட்டையை இருக்கையில் விரித்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஏறிய ஒருவர் அதில் உட்காரப் போனார்.

"உக்காராதீங்க," என்றாள். "ஆள் வருது."

ரயில் குகைக்குள் நுழைந்து வெளியே வந்தது. ஈர மண் வாசனை இல்லை; இடத்தை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனவர் வரவில்லை. இருக்கை காலியாகவே இருந்தது.