எழுபத்தொன்பது சாண்

கைசர் ஜஹானின் வாடகை வீடு பதினோரு வருஷத்தில் எழுபத்தொன்பது சாண் பின்னால் நகர்ந்தது. வருஷத்துக்கு ஏழு சாண் என்றால் ஒன்றும் பெரிய வேகமில்லை. திருவண்ணாமலையில் அந்த நாளில் அதைவிட வேகமாகப் பின்னால் போன மனுஷர்களே இருந்தார்கள்.

வீடு இருந்தது பே கோபுரத்துக்கு மேற்கே ஒரு சந்தில். அவள் புருஷன் கவுஸ் பாஷா பூட்டு ரிப்பேர்க்காரர். ஊரில் யார் சாவியைத் தொலைத்தாலும் அவரிடம்தான் வருவார்கள் என்பதால், யாரையும் முழுசாக நம்பக்கூடாது என்பது அவருக்குத் தொழில்முறையிலேயே தெரியும். ஒரே மனையில் இரண்டு வீடு கட்டினார். சின்னது குடியிருக்க, பெரியது வாடகைக்கு விட. கட்டி முடித்த வருஷமே, 1970-ல், காலமானார். கடைசியாக அவர் சொன்னது, "ஆளைப் பார்த்துக் குடு" என்பதுதான். கைசர் ஜஹான் சின்ன வீட்டில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

முதலில் வந்தவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். "பழைய வூட்ட ஏன் காலி பண்றீங்க?" என்று கேட்டாள். வீட்டுக்காரரோடு ஒத்து வரவில்லை என்றார். ஒருத்தரோடு ஒத்து வராதவர் இன்னொருத்தரோடு மட்டும் எப்படி ஒத்து வருவார்? வேண்டாம் என்றாள். அவர் சந்து முனை திரும்பினாரோ இல்லையோ, டிரங்குப் பெட்டியைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வீடு, படிக்கட்டோடு சேர்ந்து, ஒரு சாண் பின்வாங்கி நின்றது. படி இருந்த இடத்தில் வெளிறிப்போன மண்ணும் சில எறும்புகளும் இருந்தன. அடுத்து வந்த வாத்தியார், பழைய வீட்டுக்காரர் ரொம்ப நல்ல மனுஷர் என்றார். "அவ்ளோ நல்ல வூட்ட எவனாச்சும் வுடுவானா?" என்றாள். இன்னொரு சாண். மூன்றாவது ஆளை வீட்டுக்காரர் துரத்தியே விட்டிருந்தார். அவரிடம் மேற்கொண்டு கேட்க எதுவுமில்லை. ஆகமொத்தம் அந்தக் கேள்விக்கு மூன்று பதில்தான் உண்டு, மூன்றும் தப்பு. அது கேள்வியின் குற்றம் என்று கைசர் ஜஹானுக்குத் தோன்றவில்லை.

கேள்விக்குப் பதிலே சொல்லாமல் நழுவியவர்களுக்குச் சாவிப் பரீட்சை இருந்தது. கவுஸ் பாஷாவே செய்த பூட்டு அது. சாவியைக் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்ப்பாள். சட்டென்று திறந்தால் பழக்கப்பட்ட கை, திருடன். தடுமாறினால் நாளைக்கே பூட்டை உடைப்பான். ஆசிரமம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் பூட்டின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா நின்றார். மௌன விரதமாம். பேசாதவனை எந்தக் கணக்கில் நம்புவது? அதுவும் ஒரு சாண்.

கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. 1973-ல் அது சமையலறைக்குள் வந்தது. வீட்டுத் தரகர் ஜானி பாஷா, உள்ளேயே தண்ணி வசதி உண்டு என்று சொல்லி ஆள் கூட்டிவந்தார். 1976-ல் கிணறு கூடத்துக்கு நடுவில் இருந்தது, 1979-ல் வாசல் நடையில். பிறகு வீட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, சந்துக்கே பொதுவாகிவிட்டது. சத்தம் கேட்டால் ஜனங்கள் தலையைத் தூக்குவதுகூட இல்லை. "யாரோ ஒருத்தர் வந்துட்டுப் போயிட்டாரு" என்பார்கள், அவ்வளவுதான். சங்கடம் வேறு ஒன்றில் இருந்தது. வருகிறவர்கள் இப்போது முதல் கேள்வியை அவர்களே கேட்டார்கள்: "இத்தனை வருஷமா இது ஏன் காலியா கெடக்குது?" அது இவனுக்கு எதற்கு என்று அவளுக்குச் சந்தேகம் வரும். வேண்டாம் என்பாள். வீடு இன்னும் கொஞ்ச நாள் காலியாகக் கிடக்கும்.

1979-லேயே மெட்ராஸிலிருந்து ஒரு பொருளாதார ஆராய்ச்சிக்காரர் குடையும் இரும்பு டேப்பும் எடுத்துக்கொண்டு வந்தார். ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு காலியாக இருக்கிறது, இருநூற்று முப்பது குடும்பம் வீடு கிடைக்காமல் அலைகிறது, இரண்டும் ஏன் ஒன்றையொன்று பார்ப்பதில்லை என்பது அவர் ஆராய்ச்சி. வேலையும் அப்படித்தான், அங்கே ஆள் இல்லாத வேலை, இங்கே வேலை இல்லாத ஆள் என்றார். அடுத்து வருவது இதைவிட நல்லதாக இருக்கும் என்று இரண்டு பக்கமும் காத்திருக்கிறார்கள். காத்திருக்கக் காத்திருக்க, இதில் ஏதோ கோளாறு இருக்கும்போல என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். அதனால் இன்னும் காத்திருக்க வேண்டியதாகிறது. கைசர் ஜஹான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதைத் தெரிஞ்சிக்க உங்கள அனுப்பினது யாரு?" என்றாள். சர்க்கார் என்றார். அவள் நம்பவில்லை. போகும்போது, ஆறு மாசத்துக்கு இந்த வீட்டையே எனக்குத் தர முடியுமா என்று கேட்டார். சத்தம் கேட்டதும் அவரே டேப்பைப் பிடித்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். தன் ஆராய்ச்சியில் தானே ஒரு புள்ளிவிவரமானவர் அவர் ஒருவர்தான்.

கொல்லைக்குப் பின்னால் தருமனின் நிலம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவர். 1980-ல் ஒரு காலை பல் விளக்க வந்தவர், மதிலுக்கு மேலே அடுத்த வீட்டுச் சுவர் எட்டிப் பார்ப்பதைக் கண்டார். வக்கீலிடம் போனார். நகரும் வீட்டுக்கென்று தனிச் சட்டம் இல்லை, ஆனால் யார் நிலத்தில் எது நிற்கிறதோ அது அவர்களுடையது என்பதில் சந்தேகமில்லை என்றார் வக்கீல். தருமன் வீட்டுக்கு வந்ததும் தன் மதிலைத் தானே இடித்தார். எல்லைக் கல்லை மட்டும் விட்டுவைத்து, இந்தப் பக்கம் பெருக்கித் தண்ணீர் தெளித்தார். "வர்ற விருந்தாளிக்கு வழி வுடணுமில்ல, பாயம்மா?" என்றார்.

அதற்குப் பிறகு வீடு கேட்டு வருகிறவர்கள் ஜாஸ்தியானார்கள். மூன்றாவது ஆளிலேயே கைசர் ஜஹான் கண்டுபிடித்துவிட்டாள்: சட்டைக் காலரில் மல்லாட்டைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. "தருமன் அனுப்பினானா?" என்று கேட்டால், "தருமனா, அது யாருங்க?" என்பார்கள். ஊரில் ஓடுகிற நாலு லாரியில் எழுதியிருக்கிற பெயரைக் கேள்விப்படாதவர்கள். வேண்டாம் என்றால் வீடு ஒரு சாண் அவன் பக்கம் போகும். சரி என்றால் அவன் ஆளே உள்ளே வந்துவிடுவான். கதவையே திறக்காமல் இருந்து பார்த்தாள். பதில் சொல்லாததையும் வீடு வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டது. ஜானி பாஷா வந்து, "ஆபா, யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்று கெஞ்சினார். "யாருக்காச்சும் குடுக்கறதுக்கா அவரு கட்டினாரு?" என்றவள், ஜானி பாஷாவின் வாய் எதையோ மெல்லுவதைக் கவனித்தாள். அன்றிலிருந்து அவரும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தார்.

1982 பங்குனியில் வீட்டின் பின்சுவருக்கும் எல்லைக் கல்லுக்கும் நடுவில் ஒரு சாண் பாக்கி இருந்தது. புருஷன் விட்டுப்போன பெரிய வீட்டுக்கும் தருமனுக்கும் நடுவில் அவள் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தை பாக்கி.

அந்த வார்த்தையை வரவழைக்கத் தருமன் தேர்ந்தெடுத்த ஆள் அடி அண்ணாமலை கிராமத்து வேடியப்பன். எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் லோயர். வேலூரில் இருந்த வேலைவாய்ப்பு ஆபீசில் 1971-ல் பதிந்தது, சீனியாரிட்டி வரவில்லை. நடுவில் நாற்பத்தொரு இடத்தில் வேலை கேட்டிருந்தான். எல்லா இடத்திலும், "இத்தனை வருஷமா உனக்கு ஏன் வேலை கெடைக்கல?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ரைஸ் மில்லில் விசுவாசமாக இருப்பியா என்று கேட்டதற்கு, "இருந்து பாத்தாதாங்க தெரியும்" என்றான். தருமனின் மண்டிக்கே கணக்கு எழுதும் வேலைக்கு வந்திருந்தான். எடை சரியாகப் போடுவாயா என்றார். "கரெக்டா போடுவங்க" என்றான். அந்த நிமிஷமே அனுப்பிவிட்டார். ஆனால் எங்கே போனாலும் வேண்டாம் என்று சொல்ல வைக்கிற இந்தத் திறமை வீணாகக் கூடாது என்று பிற்பாடு தோன்றவே, ஆள் விட்டுக் கூப்பிட்டார். போவதற்கு ஒரு படி மல்லாட்டை, வேண்டாம் என்று வாங்கி வந்தால் இன்னொரு படி. பெண்டாட்டியோடு போனால் பார்க்க நிஜம் மாதிரி இருக்கும். இப்படியாக, பதினோரு வருஷத்தில் வேடியப்பனுக்குக் கிடைத்த முதல் வேலை, வேண்டாம் என்று சொல்லப்படுவது.

அவன் மனைவி ஜோதியம்மாள் சந்துக்குள் நுழைந்ததும் கிணற்றைத்தான் பார்த்தாள். எட்டிப் பார்த்து, "தண்ணி கிட்டயே இருக்குது" என்றாள். கைசர் ஜஹான் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். வேடியப்பன் காலரில் தோல் இல்லை. கையில் ஒரு பை முழுக்க மல்லாட்டையே இருந்தது. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. ஆனாலும் கேட்டாள்.

"தருமன் அனுப்பினானா?"

"ஆமாங்க" என்றான் வேடியப்பன். "ஒரு படி குடுத்துட்டாரு. நீங்க வேணாம்னா இன்னொரு படி."

வீடு லேசாக முனகியது. கைசர் ஜஹானின் கை தானாக முந்தானையை இழுத்துக்கொண்டது. இப்படி ஒரு பதிலை அவள் பதினோரு வருஷமாகக் கேட்டதில்லை. அதனாலேயே சந்தேகம் வந்தது. எல்லாரையும் பொய் சொல்லச் சொல்லி அனுப்பிப் பார்த்தவன், கடைசி ஆளை உண்மை சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தால்?

"உண்மையச் சொல்லுன்னும் அவன்தான் சொல்லிக் குடுத்தானா?"

வேடியப்பன் யோசித்தான். ஜோதியம்மாள் முந்திக்கொண்டாள். "அதெல்லாம் இவருக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேணாங்க. அதனாலதான் பதினோரு வருஷமா வேலை கெடைக்கல."

"பழைய வூட்ட ஏன் காலி பண்றீங்க?"

"இன்னும் பண்ணலீங்க" என்றான் அவன். "மச்சான் வூட்டு மாட்டுக் கொட்டாயில இருக்கறோம். காலி பண்ணுன்னு அவரு சொல்லி நாலு வருஷம் ஆவுது. போறதுக்கு எடமில்ல."

நாலாவது பதில் ஒன்று இருக்கும் என்று கைசர் ஜஹான் எதிர்பார்க்கவில்லை. வேறு வழி தெரியாமல் சாவியை நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நீங்களே தொறந்துடுங்க. பூட்டுக்காரர் வூட்டுப் பூட்டு. நான் எப்படித் தொறந்தாலும் தப்பாத்தான் போவும்."

தெருவே வேலையை விட்டுவிட்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்தது. தருமன் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கற்பூரத் தட்டோடு நின்றார். கைசர் ஜஹான் சாவியைப் போட்டாள். இத்தனை பேரைத் திறக்கச் சொன்னவள் தானே திறந்து பார்த்ததில்லை. முதலில் தடுமாறினாள், பிறகு சட்டென்று திறந்துகொண்டது. திருடியும் உடைக்கிறவளும் ஒரே ஆளாக நின்றாள். உள்ளே பழைய கிணறு வந்துபோன வழியெல்லாம் தரை கொஞ்சம் ஈரமாக இருந்தது. அவள் சரி என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை அவளுக்குப் பழக்கமில்லை. "வெள்ளை அடிக்கணும்" என்றாள்.

ஜோதியம்மாள் செருப்பைக் கழற்றினாள். வீடு அசையவில்லை.

அன்று மத்தியானம் வேடியப்பன் மண்டிக்குப் போய், அந்தம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை என்று தெரிவித்து, அந்த ஒரு படியைத் திருப்பிக் கொடுத்தான். தருமன் வாங்கி அளந்து பார்த்தார், சரியாக இருந்தது. அதுதான் அவருக்கு ரொம்ப எரிச்சலாக இருந்தது.

வீடு முன்னால் திரும்பி வரவில்லை. போனது போனதுதான், வரும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. முன்னால் காலியாக விழுந்த அறுபது அடியில் கார்த்திகை தீபத்துக்கு சைக்கிள் நிறுத்த இடம் கேட்டார்கள், பிறகு பௌர்ணமிக்கும் கேட்டார்கள், காசு வாங்கிக்கொண்டு வேடியப்பன் காவலுக்கு நின்றான். எது உங்களுடையது என்று அவன் கேட்டால் சைக்கிளை எடுக்க வருகிறவர்கள் உண்மை சொன்னார்கள், அவன் அதை நம்பினான், அதனால் கூட்டம் சேர்ந்தது. ஆராய்ச்சிக்காரரின் புத்தகம் 1984-ல் வந்தது. காலி வீடு இருநூற்றுப் பதினொன்று என்று திருத்தியிருந்தார், அடிக்குறிப்பில் ஒரு வீடு நகர்வதால் சராசரியில் சேர்க்கப்படவில்லை என்றிருந்தது. 1986-ல் வேலூரிலிருந்து வேடியப்பனுக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. அன்றைக்குப் பௌர்ணமி, போகவில்லை. அடுத்த வருஷம் நிலம் அளக்க வந்த சர்வேயர் வீட்டைப் புது இடத்தில் வரைந்துகொண்டு, நகர்ந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டார். ஆள் கிடைக்காமை என்றார்கள். அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

கைசர் ஜஹான் மாசம் பிறந்தால் வாடகை வாங்க வருவாள். "தருமன் எதாச்சும் சொன்னானா?" என்பாள். "இல்லீங்க" என்பான் வேடியப்பன். அவள் தலையாட்டிவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவாள். கட்டைவிரலைச் சுவரில் வைத்து, கையை விரித்து, சுண்டுவிரலை எல்லைக் கல்லில் வைத்துப் பார்ப்பாள். ஒரு சாண் இருக்கும். இன்னொரு தரமும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.