எதிர்ப்பாற்றல்: அதிகம்

புருஷனுக்குப் போட்ட சட்டையின் பின்பக்கத்தை இழுத்துச் சேர்த்து நான்காவது ஊக்கையும் குத்தினாள். முன்னாலிருந்து பார்த்தால் இப்போது அளவாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சட்டையில் மேல் பொத்தானைப் போட முடியாது. லாரி ஓட்டுகிறவன் கழுத்து அப்படி இருந்தது. இன்றைக்குக் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே மூன்று விரல் போனது.

"ஆச்சா அண்ணி? மூணு மணிக்கு வண்டி வந்துரும்," என்று கதவுக்கு வெளியே நின்று கொழுந்தன் கேட்டான்.

"ஆச்சு தம்பி."

ஆகவில்லை. இடது கை இன்னும் வெளியே கிடந்தது. விறைத்துப்போன கையைச் சட்டைக்குள் விடுவதற்கு ஒரு வழி உண்டு, அவசரப்படக் கூடாது. தோளுக்குக் கீழே அந்தக் கையில்தான் ஆராய்ச்சிக்காரர்கள் மூன்று ஊசியும் போட்டார்கள். தடவிப் பார்த்தாள். ஒரு தழும்புகூட இல்லை.

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம். ஹாரன் பேசிக்கொண்டிருந்தார். அவனோடு பதினோரு வருஷம் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டியவர். மெதுவாகப் பேச வராது என்பதால் அந்தப் பெயர். சாவு வீட்டிலும் வரவில்லை.

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். டேய், நாலு ஊரு தண்ணி குடிக்கிறோம், போற இடத்துல ஒழுங்கா இருடான்னு. இவன் பர்ஸைத் திறந்து ஒரு காகிதத்தை எடுப்பான். 'எனக்கு எதிர்ப்பாற்றல் அதிகம், எழுதியே குடுத்திருக்காங்க'ன்னு சொல்லுவான். லைசென்ஸைக்கூட அவ்வளவு பத்திரமா வெச்சதில்லை."

ஒருவர் சிரித்தார். சிரித்தவரே இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அந்தக் காகிதம் எங்க?" என்றான் கொழுந்தன்.

"அது மடிப்பு மடிப்பா கிழிஞ்சு எப்பவோ போச்சு தம்பி."

"இருந்திருந்தா அந்த ஊசி ஆராய்ச்சிக்காரங்களை இழுத்து நடுத்தெருவுல விட்டிருப்பேன். எதிர்ப்பு இருக்குன்னு எழுதிக் குடுத்து ஆளையே முடிச்சுட்டாங்க."

உள்ளே அவள் அவன் கையைச் சட்டைக்குள் பாதி விட்டபடி நின்றாள்.

அந்தக் காகிதத்தைப் படித்துச் சொன்னவள் அவள்தான்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற கூடத்தில் அவளுக்கு இஸ்திரி வேலை. மூட்டைமேல் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமல் யாரோ தொற்று வார்டுத் துணியை வேறு தொட்டியில் போட்டுவிட, மேற்பார்வையாளர் எல்லோரையும் பிடித்து வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் எழுத்து வகுப்பில் உட்கார வைத்தார். அப்போது அவளுக்கு வயது முப்பத்து நான்கு. ஒரு வருஷத்தில் கூட்டி வாசிக்க வந்தது. அவன் அவளை "வாத்தியாரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தான். கடைப் பலகை, மருந்துச் சீட்டு, டயர் மேல் இருக்கிற எழுத்து, எதைக் கண்டாலும் "வாத்தியாரம்மா, இது என்ன" என்பான். கேலிதான், அவனுக்கு எழுத்து வராது. ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே கேட்பான்.

அப்போதுதான் லாரி நிற்கிற இடத்துக்கு எச்.ஐ.வி. தடுப்பூசி ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று கடைசியில்தான் சொல்வோம் என்றார்கள். அவன் பெயர் கொடுத்தான். முதல் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு ஒரு காகிதம் தந்தார்கள். அங்கிருந்த நர்ஸ் (வீட்டில் எல்லோருக்கும் அவள் ஊசிக்காரம்மா) "உட்காருங்க, படிச்சு விளக்கிடறேன்" என்றாளாம். "எங்க வீட்டுலயே படிக்க ஆள் இருக்கு" என்று எழுந்து வந்துவிட்டான்.

முதல் வரியில் ஒரு சொல் இருந்தது. அவள் வகுப்பில் பார்க்காத சொல். இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள், வரவில்லை. அவன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு எதிரே நின்றான். அவனுக்கு முன்னால் தடுமாறப் பிடிக்கவில்லை. அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனாள். "முன் எதிர்ப்பாற்றல்: அதிகம்."

"அப்படின்னா?"

"உனக்கு ஏற்கெனவே எதிர்க்கிற சக்தி இருக்காம். நிறைய இருக்காம்."

"பாத்தியா," என்றான்.

ஒன்றரை வருஷம் கழித்து ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார்கள்; அவளும் கூடப் போனாள். ஊசிக்காரம்மா லாரிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னாள். சளி பிடிக்க வைக்கிற ஒரு கிருமியை வலுவில்லாமல் பண்ணி வண்டியாக வைத்துக்கொண்டோம். எச்.ஐ.வி.யின் ஒரு துணுக்கை அதில் சரக்காக ஏற்றினோம், அந்தத் துணுக்கால் நோய் வராது. ஆனால் சில பேருக்கு அந்தச் சளி முன்பே வந்து போயிருக்கிறது. அவர்கள் உடம்புக்கு அந்த வண்டியை அடையாளம் தெரியும். அப்படிப்பட்டவர்களில் மருந்து போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் தொற்று அதிகமாகத் தெரிகிறது. ஏன் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"தெரிஞ்ச வண்டிக்கு கேட்ல இன்னும் கெடுபிடியா?" என்று பின்னாலிருந்து ஒரு டிரைவர் கேட்டார். ஊசிக்காரம்மா சிரிக்கவில்லை.

காகிதத்தில் இருந்தது எதற்கு எதிரான எதிர்ப்பு என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பக்கத்தில் இருந்த அவனுக்கும் விளங்கியிருக்கும். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் "பசிக்குது" என்று மட்டும் சொன்னான். பத்து நாள் கழித்து அவன் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து படுக்கையைத் தனியாகப் போட்டுக்கொண்டான். அவளுக்குத் தொற்று இல்லை. மாத்திரையைப் பாதி நாள் போட்டான், பாதி நாள் வண்டியோடு போய்விட்டான். கடைசியில் நுரையீரல் கெட்டு நெஞ்சு விட்டுப்போனது. அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். "வாத்தியாரம்மா" என்பது மட்டும் நின்றுபோனது.

கை சட்டைக்குள் முழுசாகப் போய்விட்டது. கடைசிப் பொத்தானைப் போட்டாள்.

அவனைக் கூடத்தில் கொண்டுவந்து கிடத்தியபோது ஊசிக்காரம்மா வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒட்டி மூடிய ஓர் உறை. அவனுக்குப் போட்டது மருந்தா, உப்புத் தண்ணீரா என்று, வேண்டாமென்று அவன் வாங்காமலே விட்ட முடிவு அது. நேற்றுக் கொழுந்தன் போனில் சத்தம் போட்டுக் கேட்டதற்காகக் கொண்டுவந்திருந்தாள். மாமியார் மகன் தலைமாட்டில் உட்கார்ந்து அவன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு காது கேட்காது.

"எதிர்ப்பாற்றல் அதிகம்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" என்றான் கொழுந்தன்.

"ஆமா. ஆனா அது..."

"அதை நம்பித்தானே எங்கண்ணன் போனான்?"

ஊசிக்காரம்மா வாயைத் திறந்தாள். சுவரோரம் நின்ற அவன் மனைவியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் வீட்டில் படிக்க ஆள் இருக்கிறது என்று அவன் சொன்னதை அவள் மறந்திருக்க மாட்டாள்.

"இதைப் படிச்சுச் சொல்லிடறேன்," என்று உறையை நீட்டினாள்.

"நீங்க ஒண்ணும் படிக்க வேணாம். உங்க படிப்பெல்லாம் பார்த்தாச்சு." கொழுந்தன் உறையை வாங்கினான். தரைக்கு ஓடு பதிக்கிறவன், கையெழுத்து மட்டும் வரும். "எங்க அண்ணி படிப்பாங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க அண்ணி."

உறை அவள் கைக்கு வந்தது. வாசலை ஆட்கள் அடைத்திருந்தார்கள். பின்னால் சுவர். எதிரே அவன் கிடந்தான்.

பிரித்தாள். ஒரே தாள். முதல் வரியில் விரலை வைத்தாள்.

"ஊசியில் இருந்தது, மருந்து."

கொழுந்தன் கையால் தொடையில் ஒரு தட்டு தட்டினான். "போதும். அது ஒண்ணு போதும், கேஸ் போட. மடிச்சுக் குடுங்க அண்ணி."

மடித்துக் கொடுத்திருக்கலாம். கை மடிப்பதற்குப் பழகிய கைதான்.

"இன்னும் இருக்கு தம்பி."

"அது எதுக்கு இப்ப? வண்டி வந்துரும்."

அவள் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. அதே சொல். அச்சு கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். "அ... டி... னோ," என்றாள். "அடினோ வைரஸ். வகை ஐந்து. சளியை உண்டாக்கும் கிருமி. இக்கிருமிக்கு எதிரான முன் எதிர்ப்பாற்றல், அதிகம்."

ஹாரன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "எதுக்கு எதிரான்னு போட்டிருக்கு தங்கச்சி?"

"சளிக்கு அண்ணா."

"அவன் வெச்சிருந்தானே, அந்தக் காகிதத்துல?"

"அதுலயும் இப்படித்தான் இருந்துச்சு. எனக்கு இந்த வார்த்தை வரலை. விட்டுட்டு மீதியைப் படிச்சேன்."

கொழுந்தனின் கை தாளுக்காக நீண்டபடியே இருந்தது. ஊசிக்காரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வண்டி வந்து நின்றது.

"என்னவாம்?" என்றாள் மாமியார். "என்ன சொல்றா அவ?"

ஹாரன்தான் குனிந்து, கேட்கிற காதுப் பக்கம் போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. மாமியாரின் கை மகன் நெற்றியில் அப்படியே நின்றது. மருமகளைப் பார்த்தாள்.

"முழுசாப் படிக்கச் சொல்லு," என்றாள்.

இன்னும் மூன்று வரி இருந்தது. அவள் விரலை நகர்த்தினாள்.