சுண்ணாம்பில் கிடந்த முந்நூறு தோல்

எனக்கு வாய் ஜாஸ்தி. கல்யாணமான பதினோரு வருஷத்தில் என் வீட்டுக்காரர் இன்பராஜ் என்னிடம் வாங்கிய திட்டை எழுதி வைத்தால் ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரை நீளும். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

2023 ஏப்ரலில் அவர் சூடானில், ஓம்துர்மானில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் மாஸ்டராக இருந்தார். அங்கே சண்டை மூண்டு இரண்டு வாரம். ஊருக்கு வடக்கே ஒரு விமானத் தளத்திலிருந்து பிரிட்டிஷ் ராணுவம் தன் ஜனங்களை சைப்ரஸுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. சீட் மிச்சமிருந்தால் மற்ற நாட்டுக்காரர்களுக்கும் இடமாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த முதலாளியம்மா இவரையும் காரில் கூப்பிட்டிருக்கிறாள். இவர் போகவில்லை. போனில் என்னிடம் சொன்னார்:

"சுண்ணாம்புத் தொட்டில முந்நூறு தோல் கெடக்குது ஜாஸ்மின். இன்னிக்கி எடுக்கலன்னா கந்தலாய்டும்."

"கரண்டே இல்லன்னீங்க. தோல் கழுவுற டிரம் எப்டி சுத்தும்?"

"கையாலயே புரட்டிக் கழுவிடுவேன். நாளைக்கும் பிளேன் இருக்குதாம்."

"இருக்கும், இருக்கும்! உங்களுக்குன்னு காத்துக்கினு இருப்பாங்க! சுவர் இருந்தாத்தான்யா சித்திரம்!"

அவர் மறுபடி தோல் என்று ஆரம்பித்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அந்தத் தோலையே கட்டிக்கினு அங்கயே செத்துத் தொலைங்க!" என்று கத்தினேன். லைன் கட்டாகிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. நூறு தரம் கூப்பிட்டிருப்பேன்.

இரண்டு நாள் ஷூ கம்பெனிக்குப் போனேன், மிஷினில் உட்கார்ந்தேன். தையல் எங்கெங்கோ ஓடியது. பக்கத்து மிஷின் செண்பகம், "வாய்ல வந்தது தானேக்கா, மனசுல இருந்து வரலியே" என்றாள். பைத்தியக்காரி, சாமி வாயைக் கேட்குமா, மனசைக் கேட்குமா, யாருக்குத் தெரியும்? கர்த்தரே, என் வார்த்தையைக் கணக்கில் எடுத்துக்காதே என்று கோயிலில் மண்டியிட்டுக் கிடந்தேன். அந்த மனுஷன் இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் மத்தியானம் தெரியாத நம்பர்.

"ஜாஸ்மின்... சைப்ரஸ்ல இருக்கேன்."

"எப்டி வந்தீங்க?" என்று கத்தினேன்.

"பிரிட்டிஷ்காரன் பிளேன்ல தான் வந்தேன். ஒடம்பெல்லாம் சுண்ணாம்பு நாத்தம். பக்கத்துல இருந்த சோல்ஜர் மூக்கப் பொத்திக்கினான். ஆனா தண்ணி பாட்டில் குடுத்தான், நல்லவன்."

"தோலு?"

"நூறுதான் எடுத்தேன். மீதிய அப்டியே வுட்டுட்டு பிளேன் நிக்கிற எடத்துக்கு நடந்தே வந்துட்டேன். தொழில்காரன் செய்ற வேலையா இது?" குரல் உடைந்தது. "நீ கடைசியா இன்னாவோ சொன்ன பாரு. பாதிலயே லைன் போச்சு. தோலைப் புரட்டும்போது அதே நெனப்பு. அது இன்னான்னு கேக்காமயே போய்டுவேனோன்னு பயந்துட்டேன். கையே ஓடல."

'பத்திரமா வாங்கன்னு சொன்னேன்' என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக ஓடி வந்தவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

"செத்துத் தொலைங்கன்னு சொன்னேன்" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் விக்கி விக்கி அழுதார், நடுநடுவே சிரித்தார்.

"ஊருக்கு வர்றேன் ஜாஸ்மின்" என்றார். "இன்னொரு தபா நேர்ல சொல்லு."