வெட்டுப்பட்ட கார்டு

"கொஞ்சம் குலுக்காம ஓட்டுங்கண்ணா!"

ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் ஒடுங்கியபடி, மடியில் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளைச் செல்லோடேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தாள் ஜெர்லின்.

"நானா குலுக்குறேன்? ரோட்டைக் கேளும்மா" என்றார் டிரைவர்.

விசாரணை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் கணவன் மரிய அருணுக்கு வேலை போகும். ஜெயிலும் வரலாம்.

அருண் விழுப்புரத்தில் குடிநீர் இன்ஜினியர். ஒலக்கூர் பக்கம் கட்டிய மேல்நிலைத் தொட்டி, தண்ணீர் ஏற்றிய முதல் நாளே சரிந்தது. கீழே நின்ற கூலித் தொழிலாளி பச்சைமுத்துவுக்கு இரண்டு கால்களும் போயின. 'தொட்டி உறுதியாக உள்ளது' என்ற சான்றிதழில் இருந்தது அருணின் டிஜிட்டல் கையெழுத்து.

"மேலதிகாரி தாண்டவராயன் சார் போடச் சொல்லி மெயில் அனுப்புனாரு" என்றான் அருண்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சாதித்தார் ரிட்டயராகிவிட்ட தாண்டவராயன்.

மெயில் இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. அருணின் ஸ்மார்ட் கார்டைச் சொருகி, ரகசிய எண்ணைத் தட்டினால்தான் படிக்க முடியும். அதுவும் பழைய கார்டு. போன மாதம் வந்த புதுக் கார்டு கையெழுத்துப் போடுமே தவிர, பழைய பூட்டைத் திறக்காது. தாண்டவராயனின் கார்டையோ அவர் ரிட்டயரான அன்றே அழித்துவிட்டார்கள்.

காலாவதியான ஏடிஎம் கார்டை வெட்டுவதுபோல் பழையதை வெட்டிப் போடச் சொல்லியிருந்தான் அருண். வெட்டினாள்; போடவில்லை. மாதா படத்தடியில் உறைந்த மெழுகைச் சுரண்ட அந்தத் துண்டுகள் கைக்கு வாட்டமாக இருந்தன. இன்று காலை சுரண்டும்போதுதான் பார்த்தாள். தங்க நிறச் சிப்பைக் கத்தரி தொடவே இல்லை. சிம் கார்டிலும் அந்தச் சிப் மட்டும்தானே வேலை செய்கிறது? திண்டிவனத்தில் பஸ் ஏறிவிட்டாள்.

போன் அடித்தது. அருண்.

"ஜெரி, எங்க வந்துக்கினு இருக்கே?"

"ஆபீஸ் கிட்ட வந்துட்டேங்க."

"வேணாம். வெட்டுன கார்டு வேலை செய்யாது. திரும்பிப் போயிடு."

"உங்களுக்குத்தான் பயத்துல கை காலு ஓடலை. எனக்கு ஓடுது. வைங்க போனை!"

விசாரணை அறைக்குள் அவள் மூச்சிரைக்க நுழைந்ததும், விசாரணை அதிகாரி செண்பகம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்னம்மா, கார்டுக்கு மாவுக்கட்டு போட்டு இட்டாந்திருக்கே?" என்றார் தாண்டவராயன்.

"அடுத்த கட்டு உங்களுக்குத்தான் சார். செத்த இருங்க."

கார்டைச் சொருகினாள். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. உருவி, டேப்பை நீவி, மறுபடி சொருகிக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"ஆடாமப் புடி, தாயி" என்றார் தாண்டவராயன், நாற்காலியின் நுனிக்கு வந்து.

பச்சை விளக்கு எரிந்தது!

"எண்ணைப் போடுங்க, அருண்" என்றார் செண்பகம்.

அருண் தட்டினான். தவறு. மறுபடி தட்டினான். தவறு.

"இன்னும் ஒரு தடவைதான். அதுவும் தப்பானா கார்டு லாக் ஆயிடும். அப்புறம் யாராலயும் திறக்க முடியாது" என்றார் செண்பகம்.

அருணின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மறந்துபோச்சு மேடம். வராது. விட்டுடலாம்."

"என்ன பேஜாரு பண்றீங்க? நகருங்க!" ஜெர்லின் அவனைத் தோளால் தள்ளினாள். வீட்டுக்கு வேலை கொண்டுவரும் ஞாயிறுகளில், அவன் சாப்பிட்டபடியே எண்ணைச் சொல்லச் சொல்ல, தட்டிக் கொடுப்பவள் அவள்தானே?

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "ஜெரி... வேணாம்."

"ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன்."

கார்டை அழுத்திய கட்டைவிரலை எடுக்காமல், மற்றக் கையை உதறி விடுவித்து, ஒவ்வோர் எண்ணாகத் தட்டினாள். திரை ஒரு கணம் இருண்டது. புரியாத எழுத்துக் குப்பை கலைந்து, தமிழ் வரிகளாக எழுந்து நின்றது. அடியில், தாண்டவராயனின் டிஜிட்டல் கையெழுத்து செல்லும் என்ற குறிப்பு.

செண்பகம் வாய்விட்டுப் படித்தார்.

"அருண், ஒலக்கூர் தொட்டியின் தூண்கள் தாங்காது. கான்ட்ராக்டர் எவ்வளவு நெருக்கினாலும் கையெழுத்துப் போடாதே."