முந்திப் போட்ட அறிவித்தல்

ரமாக்கா நீட்டிய ஃபிளாஸ்க்கை வாங்காமல், பிரசாந்தினி கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள். லண்டன் மோர்டனில் காலை ஏழரை மணிக்கு யாரும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு தெருவில் வருவதில்லை. ரமாக்கா கட்டியிருந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"எப்ப பிள்ளை முடிஞ்சது?"

"என்ன முடிஞ்சது அக்கா?"

ரமாக்கா வாய் திறக்குமுன், வீட்டுக்குள்ளிருந்து வெங்காயம் தாளிக்கிற வாசம் வாசலுக்கு வந்தது. அவர் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தார். "அடுப்பு எரியுதோ?" என்று கேட்டார். செத்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அயலார்தான் தேத்தண்ணியும் சோறும் கொண்டு வருவார்கள். அதற்காகத்தான் அவர் நாலு வீடு தள்ளியிருந்து ஃபிளாஸ்க்கோடு ஓடி வந்திருந்தார்.

"இதில போட்டிருக்கே பிள்ளை," என்று கைபேசியைத் திருப்பிக் காட்டினார்.

மரண அறிவித்தல். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் தம்பி கௌசிகனின் கடவுச்சீட்டுப் படம். அந்தப் படத்தில் அவனுக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. 'கரவெட்டியைப் பிறப்பிடமாகவும்' என்று தொடங்கி, ஒரு வளைகுடா நாட்டை அவனுடைய வதிவிடமாகச் சொல்லியது. ஏழு வருடம் சிறைக்குள் இருந்ததற்கும் வதிவிடம் என்றுதான் பெயர் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலமானார். அன்னார், செல்வமலரின் அன்பு மகனும் பிரசாந்தினியின் பாசமிகு சகோதரரும் ஆவார்.

இன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

பிரசாந்தினி சுவரிலிருந்த மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே நண்பகல், இங்கே காலை ஒன்பது என்றல்லவா சொன்னார்கள்? நேரத்தை மாற்றிவிட்டார்களா? ஒருவருக்கும் சொல்லாமல் விடியவே தூக்கில் போட்டுவிட்டார்களா? அப்படிச் செய்யக்கூடியவர்கள்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தன்னுடையதல்லாத ஒரு பைக்காக ஒருவனைத் தூக்குக்கு அனுப்புகிறவர்கள் நேரத்தையா பார்க்கப்போகிறார்கள்?

ரமாக்காவை வாசலிலேயே விட்டுவிட்டு, சட்டத்தரணி கிருஷ்ணமூர்த்திக்கு அழைத்தாள். அவர் மதுரைக்காரர், அந்த நாட்டிலேயே இருக்கிறவர். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்கம்மா."

"தம்பி... தம்பி இருக்கிறானோ?"

"இருக்கார்மா. ஏன் இப்படிக் கேக்குறீங்க? ஜெயில் வாசல்லதான் நிக்கிறேன். தண்டனையை நிறுத்தச் சொல்லி நம்ம போட்ட மனு நேத்து சாயங்காலமே உள்ள போயிடுச்சு. அந்த ரூம்மேட் குடுத்த வாக்குமூலத்தையும் சேர்த்திருக்கேன். பதில்தான் வரல."

கூட இருந்தவன் வேறொரு வழக்கில் பிடிபட்டு, 'அந்தப் பை என்னுடையது, கௌசிகனுக்கு ஒன்றும் தெரியாது' என்று போன மாதம்தான் சொல்லியிருந்தான். ஏழு வருடம் பிந்திய உண்மை. ஹோட்டல் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவனின் கட்டிலுக்குக் கீழே அந்தப் போதைப்பொருள் பை இருந்தது. அவ்வளவுதான் கௌசிகன் மேல் இருந்த குற்றம்.

"ஒண்ணு மட்டும் கவனிச்சுக்குங்க," என்றார் கிருஷ்ணமூர்த்தி. "தம்பிக்கு ஒரு போன் கால் குடுப்பாங்க. இந்த நம்பருக்குத்தான் வரும். போனை யாரும் பிஸியா வச்சிராதீங்க."

அவர் வைத்ததும் அது பிஸியாகத் தொடங்கியது.

முதலில் கனடாவிலிருந்து மாமி. "ஐயோ என்ர ராசா" என்று எடுத்த எடுப்பிலேயே ஒப்பாரி. "மாமி, அவன் உயிரோட இருக்கிறான், வையுங்கோ" என்று பிரசாந்தினி வைத்தாள். அடுத்தது பிரான்ஸ். அதற்கடுத்தது வால்தம்ஸ்டோவில் இருக்கிற பழைய வகுப்புத் தோழி. துக்கம் விசாரிப்பதில் எங்கள் ஆட்களை யாரும் முந்த முடியாது. ஏழு வருடமாக அவன் பெயரைக்கூடக் கேட்காத வாய்களெல்லாம் அந்த அரை மணித்தியாலத்தில் அழுதன. இலக்கம் தெரியாத அழைப்புகளே அதிகம். சிறையிலிருந்து வருவதும் இலக்கம் இல்லாமல்தான் வரும் என்பதால் எதையும் எடுக்காமல் விடவும் ஏலாது. எடுத்து, ஒரு அழுகைக் குரல் கேட்டதும் வெட்டினாள். வெட்டும்போதெல்லாம் அடுத்த பக்கத்தில் அவன் மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போயிருப்பானோ என்று திரையைப் பார்த்தாள்.

நடுவில் ஒரு நிமிடம் கிடைத்தபோது பத்மநாதன் சித்தப்பாவைப் பிடித்தாள். தென் லண்டனில் எங்கள் சனத்தின் செத்தவீடு அவர் இல்லாமல் நடக்காது. பெட்டி, ஐயர், மண்டபம், அறிவித்தல், எல்லாம் அவர்தான். வேறு யார் இதைச் செய்திருப்பார்கள்?

"பிழையாப் போச்சு பிள்ளை," என்றார் சித்தப்பா. "எழுதி வை, நான் சொன்னாப் பிறகு போடு எண்டுதான் அந்த வெப்சைட் பெடியனிட்டச் சொன்னனான். அவன் திகதியைப் பாத்திட்டுப் போட்டுட்டான்."

"நீங்கள் ஏன் சித்தப்பா எழுதி வைச்சனீங்கள்? அவன் இன்னும் சாகேல்லையே!"

"கடைசி நேரத்தில நீ ஓடித்திரியக் கூடாதெண்டுதானே பிள்ளை..."

இந்த மனிதர் அவளுக்காகவே செய்திருக்கிறார் என்பது தெரிந்தது. தெரிந்தும் அவரைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போலிருந்தது.

"அழாத பிள்ளை. பிழையெண்டா எடுத்துப்போடலாம்தானே. அஞ்சு நிமிசத்தில எடுக்கிறன்."

எடுத்தார்தான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடமெல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

அம்மா குசினியில் நின்றார். பிள்ளைகளைக் கணவன் சயந்தன் இரவே தன் தமக்கை வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தான். அம்மா விடிய எழும்பி, முழுகி, சிவப்புக் கரை போட்ட சேலை கட்டி, அடுப்பைப் பற்ற வைத்தவர், அதன்பின் அணைக்கவே இல்லை. சோறு ஆக்கியாயிற்று. பருப்பு ஆயிற்று. கத்தரிக்காய்க் குழம்பு ஆயிற்று. சாப்பிட யாரும் இல்லை. இனிக் கறி வைக்க ஒன்றும் இல்லாததால் இப்போது ஒரு சட்டியில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆர் வந்தது வாசலில?" என்றார் அம்மா.

"ரமாக்கா."

"வெள்ளைச் சேலையோ?"

பிரசாந்தினி தலையாட்டினாள்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஒருத்தரும் என்ர வீட்டில அழக்கூடாது. போய்ச் சொல்லு."

அவள் போய்ச் சொல்லத் தேவை இருக்கவில்லை. ரமாக்கா போய்விட்டிருந்தார். ஃபிளாஸ்க் மட்டும் வாசற்படியில் இருந்தது. பிரசாந்தினி அதைத் தொடாமல் கதவைச் சாத்தினாள். அதை உள்ளே எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயமாக இருந்தது. படித்த பெண், கவுன்சிலில் வேலை, ஆனாலும் பயமாகத்தான் இருந்தது.

கைபேசி அடித்தது. இலக்கம் இல்லை. எடுத்ததும் ஒன்றும் கேட்கவில்லை, யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். இன்னொரு அழுகை தொடங்கப் போகிறது என்று அவள் விரல் வெட்டப் போனது.

"அக்கா."

விரல் நின்றது.

"லைன் கிடைக்கேல்லை அக்கா. ரெண்டு தரம் அடிச்சுப் பாத்தாங்கள். இதுவும் கிடைக்காட்டி விட்டுடுவினம் எண்டாங்கள். ஆரோட கதைச்சுக்கொண்டிருந்தனீ?"

உன்னுடைய செத்தவீட்டுக்கு வந்தவர்களோடு என்று எப்படிச் சொல்வது?

"ரமாக்கா."

அவன் சிரித்தான். ரமாக்காவை அவன் கண்டதில்லை. கடிதத்திலும் தொலைபேசியிலும் கேட்டதுதான். "அவ பிடிச்சா விடமாட்டா எண்டு சொல்லுவாய்," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேப்பர் வந்திட்டுதோ?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லையடா. வரும்."

"எனக்குக் கை குளிருது அக்கா. இஞ்ச சரியான வெக்கை, ஆனாக் கை மட்டும் குளிருது. நான் பயப்பிடேல்லை எண்டு அம்மாட்டச் சொல்லு." பிறகு கேட்டான்: "அது என்ர பை இல்லை. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்டா. எனக்குத் தெரியும்."

"அது போதும். அம்மாட்டக் குடு."

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். "சாப்பிட்டனியோ தம்பி?" என்றார். "இஞ்ச சோறு ஆக்கிப்போட்டன். கத்தரிக்காய்க் குழம்பு வைச்சிருக்கிறன். அடுப்பு எரிஞ்சுகொண்டுதான் இருக்கு, நீ ஒண்டுக்கும் யோசியாத." அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, "ஓம், ஓம்" என்று இரண்டு முறை சொன்னார். இணைப்பு அறுந்த பிறகும் கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தார்.

ஒன்பது மணி வந்தது. வெளியே குப்பை லொறி நின்று நின்று போனது. பக்கத்து வீட்டுக்காரன் காருக்குள் பாட்டுப் போட்டான். அறிவித்தல் பிழை என்று துக்கம் கேட்கிறவர்களுக்கும் செய்தி போயிருக்க வேண்டும், கைபேசி அடிக்கவே இல்லை. பிரசாந்தினி அதைச் சார்ஜரில் போட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அடிக்கவேண்டும் என்றும் அடிக்கக்கூடாது என்றும் ஒரே நேரத்தில் கும்பிட்டாள்.

பத்து மணிக்குக் கிட்ட கிருஷ்ணமூர்த்தி அழைத்தார்.

"அம்மா," என்றார். "பதில் இப்பதான் வந்துச்சு. மனுவை ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கிறாங்களாம்," என்றார்.

"ஞாயிறு வரைக்கும் வைச்சிருப்பினமோ?"

"இல்லம்மா. முடிஞ்சிடுச்சு. பன்னெண்டுக்கே முடிஞ்சிடுச்சு."

அவள் கைபேசியை மடியில் வைத்தாள். திரும்பவும் அடித்தது. சித்தப்பா. அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நெடுநேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, மிக மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை... அந்த அறிவித்தலைத் திருப்பிப் போடச் சொல்லட்டோ?"

"ம்."

"ஏதும் மாத்தோணுமோ?"

பிரசாந்தினி யோசித்தாள். பெயர் சரி. ஊர் சரி. திகதியும் சரி.

"ஒண்டும் மாத்தத் தேவையில்லை," என்றாள்.

எழுந்து குசினிக்குப் போனாள். அம்மா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். சட்டியில் தண்ணீர் அநேகமாக வற்றியிருந்தது. அம்மா கையை நீட்டி அடுப்பின் குமிழை மெல்லத் திருப்பினார். நீலச் சுவாலை சுருங்கி, அணைந்தது.

பிரசாந்தினி போய்க் கதவைத் திறந்து, படியிலிருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து வந்தாள். இரண்டு கோப்பையில் ஊற்றினாள். தேத்தண்ணி இன்னும் ஆவி பறந்தது.